ஈரல் இறுக்கமும் இறங்கும் எண்ணும்

மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் சரி, ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்றால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வதில்லை. "வரப்போரத்துல கீழாநெல்லி கிடக்கும், பறிச்சிட்டு வந்து அரைச்சு மோர்ல கலக்கிக் குடு" என்பதுதான் முதல் வைத்தியம். காமாலைக்கு மருந்து கொடுப்பதற்கென்றே பேர் போன வைத்தியர்களைத் தேடி, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று நாள் மருந்து, எண்ணெயும் கறியும் இல்லாத பத்தியச் சாப்பாடு. சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடும். நோய் போனதற்கு அடையாளம் கண்ணிலேயே தெரியும்.

இந்த வைத்தியம் தலைமுறை தலைமுறையாக நிற்பதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. திடீரென்று வரும் காமாலைகளில் பெரும்பகுதிக்கு, தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்ற வைரஸ்களே காரணம். பெரும்பாலானவர்களுக்கு இவை தானாகவே போய்விடும். (கர்ப்பிணிகளுக்கு ஈ வகை மிக ஆபத்தானது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) தானாகப் போகும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்த மருந்துக்குத்தான் பேர்!

பிரச்சினை ஹெபடைடிஸ் பி-யில் இருக்கிறது. இது தண்ணீரில் வருவதில்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு, சுத்தம் செய்யாத ஊசியால், ரத்தத்தால், உடலுறவால் வருகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்தவுடன் தொற்றினாலோ கணக்கு அப்படியே தலைகீழ். நூற்றுக்கு ஏறத்தாழ 90 குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் அதற்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி என்று பெயர். கண் மஞ்சளாகாது, வலி தெரியாது, பசி குறையாது. இருபது முப்பது வருடம் ஓசையில்லாமல் உள்ளே வேலை நடக்கும். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போதோ, ரத்ததானம் செய்யப் போகும்போதோ, பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனையிலோதான் பலருக்கு இது தெரிய வருகிறது. மஞ்சளே இல்லாத காமாலை என்று சொன்னால் கிராமத்தில் யார் நம்புவார்கள்?

நம்பித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் சமுதாய அளவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. அதில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்களில் 5.7 சதவீதம் பேரிடம் பி வைரஸின் மேலுறைப் புரதம் இருந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசி இந்தியா முழுவதற்கும் வந்தது 2011-ல்தான். ஆகவே இன்று வயலிலும் லேத் பட்டறையிலும் பஸ் டிப்போவிலும் வேலை பார்க்கிற நாற்பது ஐம்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோர் பிறந்தபோது அந்த ஊசி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கீழாநெல்லிக்கும் இந்த பி-க்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் 1988-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது என்றும், வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் வேறு ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இதில் யாரையும் கேலி செய்ய எதுவும் இல்லை. வரப்போரச் செடியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் முறையாகச் சோதித்துப் பார்த்தது பெருமைப்பட வேண்டிய காரியம். முடிவு இல்லை என்று வந்தால் இல்லை என்று ஏற்பதும் அதே அறிவியலின் பகுதிதான்.

இன்று பி-க்கு வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன. 1998-ல் லாமிவுடின் வந்தது. ஆனால் ஐந்து வருடம் சாப்பிட்டவர்களில் 70 சதவீதம் வரை வைரஸ் அதற்குப் பழகிக்கொண்டது. 2005-ல் என்டெகாவிரும், பி-க்கான மருந்தாக 2008-ல் டெனோஃபோவிரும் வந்தபின் நிலைமை மாறியது. டெனோஃபோவிருக்கான காப்புரிமை விண்ணப்பங்களை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2009-ல் நிராகரித்தது பெரிய விஷயம். அதனால்தான் இங்கே பல கம்பெனிகள் அதைத் தயாரித்து விலையைக் கீழே கொண்டுவர முடிந்தது. 2018 ஜூலை 28-ல், அதாவது பிளம்பர்க்கின் பிறந்த நாளில், மத்திய அரசின் தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சி கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன்படி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். கேட்க எத்தனை சுலபமாக இருக்கிறது!

இந்த மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நிறுத்துகின்றனவே தவிர, வைரஸை வேரோடு பிடுங்குவதில்லை. ஈரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் மரபுப் பொருள் ஒரு வளையமாக உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை அந்த வளையத்தைத் தொடுவதில்லை. மேலே வளரும் புல்லை அறுத்துக்கொண்டே இருக்கலாம், கோரைக்கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். அறுப்பதை நிறுத்தினால் மறுபடி முளைக்கும். மேலுறைப் புரதமும் மறைந்து, மாத்திரையை நிம்மதியாக நிறுத்துகிற நிலைக்கு வருகிறவர்கள் மிகச் சிலரே.

இனிதான் அந்த எண் வருகிறது.

வைரஸோடு உடம்பு போடும் சண்டையில் ஈரலில் காயம் படுகிறது. காயம் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு என்றால் நார். வருடக்கணக்கில் நார் சேரச் சேர ஈரல் இறுகுகிறது. கடைசிப் படியில் ஈரல் முழுக்க முடிச்சு முடிச்சாகிவிடும். டாக்டர்கள் சிரோசிஸ் என்பார்கள். வீட்டில் 'ஈரல் சுருங்கிப்போச்சு' என்பார்கள். முன்பெல்லாம் தழும்பு எவ்வளவு என்று பார்க்க விலா இடுக்கில் ஊசி விட்டு ஈரலில் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். பயாப்ஸி என்றாலே பாதிப் பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார்கள். அப்படியே எடுத்தாலும் அந்தத் துணுக்கு மொத்த ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான்.

பாரிஸில் உருவான ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி 2003-ல் இதற்கு வேறு வழி காட்டியது. பலாப்பழத்தை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பார் இல்லையா, கிட்டத்தட்ட அதே யோசனை. மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்லி, விலா இடுக்கில் ஒரு முனையை அழுத்தித் தட்டுவார்கள். அந்தத் தட்டல் ஈரலுக்குள் ஒரு மெல்லிய அலையாக ஓடும். அந்த அலை எத்தனை வேகமாக ஓடுகிறது என்று அல்ட்ராசவுண்ட் அளக்கும். மிருதுவான ஈரலில் மெதுவாக ஓடும், இறுகிய ஈரலில் வேகமாக ஓடும். வேகம் விநாடிக்கு 1.3 மீட்டர் என்றால் இறுக்கம் சுமார் 5 கிலோபாஸ்கல். 2 மீட்டர் என்றால் 12 கிலோபாஸ்கல். (வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து எண் ஏறும். ப்ளஸ் டூ இயற்பியல் வீண்போகவில்லை!) பத்துத் தடவை தட்டி நடுமதிப்பை எடுத்துச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்பார்கள். வலியில்லை, ரத்தமில்லை, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஈரலில் ஐநூறில் ஒரு பங்கை அளந்தாயிற்று. பயாப்ஸியைப்போல நூறு மடங்கு.

ஆனால் இந்தக் கருவி அளப்பது இறுக்கத்தை. தழும்பை அல்ல. இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததே இந்த வித்தியாசத்தைத்தான். ஈரலை இறுகச் செய்கிற சங்கதிகளில் தழும்பும் ஒன்று. வீக்கம் இன்னொன்று. ஈரல் செல்கள் அழற்சியில் வீங்கியிருந்தாலும் அலை வேகமாகத்தான் ஓடும். பித்தநீர் அடைத்துக்கொண்டாலும், இதயம் பலவீனமாகி ரத்தம் ஈரலில் தேங்கினாலும் அப்படியே. ஏன், சாப்பிட்டாலே ஏறும்! சாப்பாட்டுக்குப் பின் ஈரலுக்குப் போகும் ரத்தம் கூடுவதால் எண் கூடுகிறது. அதனால்தான் குறைந்தது மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜிகர் என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் ஈரல். தண்டா என்றால் குளிர்ச்சி. ஈரலைக் குளிர வைக்கிறேன் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கும் ஜிகர்தண்டாவை விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய டம்ளர் குடித்துவிட்டு நேரே ஸ்கேனுக்குப் போனால், ஈரல் இறுக்கம் கூடித்தான் காட்டும்.

இப்போது ஓர் உதாரணம். மேலூர்ப் பக்கம் நாற்பத்தைந்து வயது விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் ஏஎல்டி என்ற ஈரல் என்சைம் 160, அதாவது சாதாரண அளவைப்போல நாலு மடங்கு. ஃபைப்ரோஸ்கேனில் 14.2. டெனோஃபோவிர் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அடுத்த வருடம் ஏஎல்டி 28, வைரஸ் எண்ணிக்கை பூஜ்யம் போலத்தான், ஸ்கேனில் 8.1. டாக்டர் சீட்டைப் பார்த்து "நல்லா இறங்கியிருக்கு" என்கிறார். அவர் காதில் 'குணமாயிடுச்சு' என்று விழுகிறது. "அப்ப மாத்திரைய நிறுத்திரலாமா சார்?" என்று கேட்டுவிட்டால் தப்பித்தார். வெளியே நூறு பேர் நிற்கிறார்கள், கேட்காமலே எழுந்து போனால்?

14.2 எப்படி 8.1 ஆனது? ஒரே வருடத்தில் அத்தனை நாரும் கரைந்துவிடவில்லை. வைரஸ் அடங்கியதும் அழற்சி அடங்கியது, வீக்கம் வடிந்தது. முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எண் மளமளவென்று இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்குப் பிறகு இறக்கம் மெதுவாகிவிடும். தழும்பு கரைவதாக இருந்தால் அந்த மெதுவான பகுதியில்தான் கரையும், அதற்கு வருடங்கள் பிடிக்கும். இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்து 14.2-ல் எவ்வளவு வீக்கம், எவ்வளவு தழும்பு என்று அந்தச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஹாங்காங் மருத்துவர்கள் 2009-ல் வகுத்த முறையில், ஏஎல்டி சாதாரணமாக இருந்தால் 9-க்கு மேலும், ஏஎல்டி ஏறியிருந்தால் 12-க்கு மேலும் போனால்தான் முற்றிய தழும்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே எண், ஏஎல்டியைப் பொறுத்து இரண்டு அர்த்தம்! ஏஎல்டியைப் பக்கத்தில் எழுதாத ஃபைப்ரோஸ்கேன் சீட்டு பாதிச் சீட்டுதான்.

தழும்பு கரையவே கரையாது என்றும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் சிரோசிஸ் என்றால் திரும்பாத பாதை என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2013-ல் லான்செட்டில் வந்த டெனோஃபோவிர் ஆய்வு அதை உடைத்தது. 348 பேருக்கு ஆரம்பத்திலும் ஐந்தாம் வருட முடிவிலும் பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேல், 51 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்திருந்தது. ஆரம்பத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்து வருடத்துக்குப் பின் சிரோசிஸ் இல்லை! இதை விட நல்ல சேதி இந்த நோயில் வேறில்லை. ஆனால் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது ஐந்து வருடம் என்ற சொல். ஒரு வருடத்தில் ஸ்கேன் எண் இறங்கியதும் மாத்திரையை விட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

மாத்திரையை விட்டால் என்ன ஆகும்? சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸ் மீண்டும் பெருகும். பலருக்கு அதோடு ஏஎல்டி எகிறும். ஈரல் ஓரளவு நன்றாக இருந்தால் தாங்கும். ஏற்கெனவே சுருங்கிய ஈரல் என்றால் அந்த ஒரு அடியிலேயே வயிற்றில் நீர் கோத்து, காமாலை வந்து (இந்தத் தடவை கண் மஞ்சளாகும்), ஈரல் செயலிழந்து போகலாம். அதனால்தான் சிரோசிஸ் வந்தவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சிரோசிஸ் இல்லாத சிலருக்கு, குறிப்பிட்ட ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தபின், கண்காணிப்போடு நிறுத்திப் பார்க்கலாம். அந்த முடிவை வைரஸ் சோதனைகளை வைத்துத்தான் எடுப்பார்கள். கிலோபாஸ்கலுக்கு அதில் வேலையே கிடையாது.

புற்றுநோய் விஷயமும் இதே போலத்தான். மாத்திரை ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது, பூஜ்யமாக்குவதில்லை. ஒரு காலத்தில் சிரோசிஸ் இருந்தவருக்கு எண் 20-லிருந்து 9-க்கு வந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆக வேண்டும். 'ஸ்கேன்ல நல்லா வந்திருச்சு, இனி எதுக்கு இன்னொரு ஸ்கேன்?' என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஸ்கேன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று இறுக்கத்தை அளப்பது, மற்றது கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது என்பதை யாராவது தமிழில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்தக் கருவியே தேவையில்லை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சரியில்லை. எண் இறங்குவதற்கு மதிப்பு உண்டு. முற்றிய ஈரல் நோய் பற்றிய பவேனோ மாநாட்டின் ஏழாவது அறிக்கை ஒரு அளவுகோல் தருகிறது. எண் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்து 20-க்குக் கீழே வந்தாலோ, எவ்வளவு குறைந்தாலும் 10-க்குக் கீழே வந்துவிட்டாலோ, ஈரல் செயலிழக்கும் ஆபத்து கணிசமாகக் குறைந்ததாக எடுத்துக்கொள்ளலாம். எண் 20-க்குக் கீழும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருந்தால், உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருக்கிறதா என்று பார்க்கும் எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்கலாம். தொண்டைக்குள் குழாய் விடாமல் தப்பிப்பது சின்ன லாபமா? ஆக, எண் இறங்கினால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். மாத்திரை வேலை செய்கிறது என்பதால் அதை நிறுத்துவது, கூரை ஒழுகவில்லை என்று ஓட்டைப் பிரிப்பது மாதிரி.

எண் ஏறினாலும் இதே நிதானம் வேண்டும். மாத்திரை சாப்பிடும்போதே 7-லிருந்து 11-க்குப் போனால் உடனே மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டத் தேவையில்லை. நடுவில் மாத்திரை விட்டுப் போயிருக்கலாம். காலையில் சாப்பிட்டு வந்திருக்கலாம். குடி ஒரு முக்கியக் காரணம். தொடர்ந்து குடிப்பவருக்கு இறுக்கம் ஏறும், நிறுத்தினால் ஓரிரு வாரத்திலேயே இறங்கத் தொடங்கும். உடம்பு பெருத்து, சர்க்கரையும் சேர்ந்து, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கலாம். பி வைரஸ் அடங்கியிருக்க, கொழுப்பால் ஈரல் கெடுகிற ஆட்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். இதையெல்லாம் கேட்டு விசாரிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது, தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காதது போல.

ஃபைப்ரோஸ்கேன் இல்லாத தாலுகா ஆஸ்பத்திரிகளில் என்ன செய்வது? அதற்கு ஏப்ரி என்ற எளிய கணக்கு இருக்கிறது. ஏஎஸ்டி என்ற என்சைமை அதன் உச்ச அளவால் வகுத்து, நூறால் பெருக்கி, தட்டணுக்களை ஆயிரங்களில் எழுதி அதால் வகுக்க வேண்டும். ஏஎஸ்டி 80, உச்ச அளவு 40, தட்டணுக்கள் 1,60,000 என்றால் ஏப்ரி 1.25. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி 0.5-க்கு மேல் குறிப்பிடத்தக்க தழும்பு, 1-க்கு மேல் சிரோசிஸ் இருக்கலாம். ஃபைப்ரோஸ்கேனில் இதற்குச் சமமான எல்லைகள் 7, 12.5. இரண்டில் எது கைவசம் இருந்தாலும் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்பதே அந்த வழிகாட்டுதலின் நோக்கம். மெஷினுக்காக யாரும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏப்ரியிலும் அதே கண்ணி இருக்கிறது, பாருங்கள். மேலே சொன்ன அதே ஆள் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுகிறார். ஏஎஸ்டி 30 ஆகிறது. தட்டணுக்கள் அதே 1,60,000. ஏப்ரி 0.47! தாளில் பார்த்தால் சிரோசிஸ் காணாமல் போய்விட்டது. மாறியது என்சைம் மட்டும். தழும்பைப் பற்றி ஓரளவாவது துப்புக் கொடுக்கிற தட்டணு எண்ணிக்கை அசையவே இல்லை. சிகிச்சை தொடங்கும் முன் ஆளைத் தேர்ந்தெடுக்க உதவும் கணக்கை, சிகிச்சை நடக்கும்போது குணமானதற்குச் சான்றாக வைத்துக்கொள்ள முடியாது.

இதில் கருவியையோ கணக்கையோ திட்டிப் பிரயோஜனம் இல்லை. விளக்கம் சொல்ல ஆளும் நேரமும் இல்லாததுதான் குறை. மதுரையின் பெரியாஸ்பத்திரி, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்ற பழைய பேரில் இருந்த காலத்திலிருந்தே, சுற்றியுள்ள பல மாவட்டங்களுக்கும் கடைசி நம்பிக்கை. அரசு ராஜாஜி மருத்துவமனை ஆன பிறகும் அப்படித்தான். கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற ஒருவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு ஆகிறது. வலியும் இல்லாத, மஞ்சளும் இல்லாத நோய்க்கு வருடக்கணக்கில் அவர் வந்துபோக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் கையில் இருக்கும் ஒரே கண்கூடான சாட்சி அந்த எண்தான். காமாலையில் கண்ணின் மஞ்சள் இறங்குவதைப் பார்த்துப் பழகியவர், இங்கே எண் இறங்குவதைப் பார்த்து அதே முடிவுக்கு வருகிறார். அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை, அவரிடம் சொல்லப்பட்ட விவரத்தில்தான் குறை.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஸ்கேன் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய ஏஎல்டி, வைரஸ் அளவு, எத்தனை மணி நேரம் பட்டினி என்ற மூன்றையும் எழுதலாம். கீழே தமிழில் இரண்டு வரி அச்சடிக்கலாம்: 'இந்த எண் குறைந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.' ஒருநாள் இலவச முகாம் போட்டு வரிசையாகப் படுக்க வைத்துத் தட்டி அனுப்புகிறவர்கள், சாப்பிட்டீர்களா என்றாவது முதலில் கேட்கலாம். ஃபைப்ரோஸ்கேனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வதும் வீண் செலவு. வருடத்துக்கு ஒன்று, முடிந்தவரை அதே கருவியில், அதே வெறும் வயிற்றில் எடுத்தால் போதும். மிச்சமாகும் பணத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் சோதனையைத் தவறாமல் செய்யலாம்.

மாத்திரையை ஒரே தடவையில் கூடுதல் மாதங்களுக்குக் கொடுத்தனுப்புவது இன்னும் முக்கியம். வைரஸ் அடங்கி, சிறுநீரகமும் சரியாக இருக்கிறவர் மாதாமாதம் கோரிப்பாளையம் வரத் தேவையில்லை. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழ்நாடு 2021-ல் தொடங்கியது. அதே பையில் டெனோஃபோவிருக்கும் ஓர் இடம் கொடுத்தால், மேலூர்க்காரர் ஐந்தாம் வருடத்து ஸ்கேனுக்கும் வந்து படுப்பார். அன்றைக்கு 6 என்று வந்தால் அந்த ஆறில் வீக்கத்தின் பங்கு அநேகமாக இருக்காது. தழும்பு நிஜமாகவே கரைந்திருக்கிறது என்று டாக்டர் அவரிடம் தைரியமாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு அடுத்த ஆறு மாதத்துக்கான மாத்திரைச் சீட்டையும் எழுதித் தரலாம்.